வளைந்த பாதையும் சிறிய காரும்

மனிதன் வீட்டைவிட்டுப் புறப்படுவதற்குக் காரணங்கள் பல. பிழைப்பை நாடிப் புறப்படுவோர் உளர். உற்றார் உறவினரைக் காணப் புறப்படுவோர் உளர். கோயில் குளங்களைத் தரிசிக்கப் புறப்படுவோரும் உளர். இவர்கள் அனைவருக்கும் சென்று சேரவேண்டிய இடம் ஒன்றுண்டு. அந்த இடம் வந்ததும் பயணம் முடிகின்றது. வழியிற் கழிந்த நேரம் வீணாய்ப் போன நேரமாகவே எண்ணப்படுகின்றது. ஆனால், சேரவேண்டிய இடம் எதுவுமின்றி, போகும் வழியையே பொருளாகக் கொண்டு புறப்படும் ஒரு கூட்டத்தாரும் உலகில் உளர். இங்கிலாந்திலே சனி, ஞாயிறு நாட்களின் அதிகாலையில், இருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய ஸ்போட்ஸ் கார்களிற் கிராமத்து வீதிகளை நாடிச் செல்வோர் அத்தகையோர். ஆறு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டு, நூறு மைல் சுற்றி, பத்து மணிக்கு அதே வீட்டுக்குத் திரும்பி வந்து, 'இன்று நல்ல பயணம்' என்று மகிழ்ந்து கொள்வர்.

இது செல்வர்களின் வீண் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. வேகப் பித்து என்று கடிந்து கொள்வதும் எளிது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், நூறாண்டுகளாக ஒரு நாட்டு மக்கள், அவருள்ளும் சாதாரண வருவாய் உடையோர் பலர், விடாது பேணிவந்த ஓர் இன்பத்தில் வேறு ஏதோ ஒன்றும் இருத்தல் வேண்டும். அந்த இன்பம் எங்கே பிறக்கின்றது? அதற்கு விலை கொடுப்பவர் யார்? இவ்விரு வினாக்களையும் நேயர்கள் சற்றே சிந்தித்துப் பார்ப்பது பயனுடையதாகும்.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் இங்கிலாந்து அதனை அன்போடு வரவேற்கவில்லை. 1865ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, குதிரையின்றித் தானே ஓடும் வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு நான்கு மைலுக்கும், நகரத்தில் இரண்டு மைலுக்கும் மேற்படாமற் செல்லவேண்டும் என்று விதித்தது. வண்டிக்கு அறுபது யார் முன்னே ஒருவன் செங்கொடி ஏந்தி நடந்து செல்லவும் வேண்டியிருந்தது. நீராவி இயந்திரங்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட அச்சட்டத்தின் கட்டு, 1896ஆம் ஆண்டிலேதான் அவிழ்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 14ஆந் தேதி, விடுதலை கொண்டாடும் முகமாக மோட்டார் வண்டிகள் பல இலண்டனிலிருந்து பிறைற்றன் கடற்கரை வரை ஓடின. 1903ஆம் ஆண்டுச் சட்டம் வேக எல்லையை இருபது மைலாக உயர்த்தியதோடு, வண்டிகளுக்கு இலக்கத் தகடும் வேண்டும் என்று விதித்தது.

எனினும், கிராமத்தவர் மனத்திலே மோட்டார்க்காரன் நல்லவனாக விளங்கவில்லை. அக்காலத்து வீதிகள் தார் காணாத கல்வீதிகள். ஒரு கார் விரைந்து சென்றால் எழும் புழுதி வேலிகளை மூடிற்று, வீட்டுக்குள்ளே புகுந்தது, கொடியில் உலர்ந்த துணியை வெளிற வைத்தது. ஓட்டியவன் செல்வன், புழுதியை உண்டவன் உழவன். 1908ஆம் ஆண்டில் கெனெத் கிரஹாம் எழுதிய 'த விண்ட் இன் த வில்லோஸ்' என்னும் சிறுவர் நூலில் வரும் தேரைப் பிரபு இந்தக் காலத்தின் பிள்ளை. மோட்டார் மோகம் தலைக்கேறி, பிறர் காரைத் திருடி ஓட்டி, சிறைக்குச் சென்ற அத்தேரையைப் பார்த்து இங்கிலாந்து சிரித்தது. அச்சிரிப்பிலே சிறிது கோபமும் கலந்திருந்தது. பின்னர் வீதிகளுக்குத் தார் பூசப்பட்டது. புழுதி அடங்கிற்று. ஆனால், வீதி யாருக்கு உரியது என்னும் வழக்கு மட்டும் அடங்கவில்லை. அது இன்றும் நடந்து கொண்டேயிருக்கின்றது.

செல்வரின் பொழுதுபோக்கைச் சாமானியரின் வாரவிறுதி இன்பமாக மாற்றிய பெருமை ஒக்ஸ்போட் நகரத்துக் கராஜ் ஒன்றுக்கு உரியது. அதன் பெயர் மொறிஸ் கராஜஸ். அப்பெயரின் முதலெழுத்துக்களே எம்.ஜி. என்னும் புகழ்பெற்ற இலச்சினையாயின. அங்கே 1922ஆம் ஆண்டிற் பொது முகாமையாளரான செசில் கிம்பர் என்பவர், அழகற்ற சாதாரணக் கார்களின் பாகங்களைக் கொண்டே அழகும் சுறுசுறுப்பும் உள்ள கார்களைச் செய்யலாம் என்று கண்டார். 1928ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பியாக் கண்காட்சியில் வைக்கப்பட்ட எம்.ஜி. மிட்ஜெற் என்னும் குட்டிக் கார் அந்த எண்ணத்தின் கனி. மொறிஸ் மைனர் என்னும் குடும்பக் காரின் 847 கன சென்றிமீற்றர் இயந்திரம். ஏறத்தாழ இருபது குதிரை வலு. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய உடல். படகு போற் கூரிய பின்புறம். விலை 175 பவுண். வங்கி எழுதுவினைஞர்களும், இளம் ஆசிரியர்களும், கடைச் சிப்பந்திகளும் கடன் பட்டாயினும் வாங்கக்கூடிய விலை அது.

இந்தக் குட்டிக் காரின் உச்ச வேகம் மணிக்கு அறுபத்தைந்து மைல் அளவே. இன்றைய மிகச் சாதாரணமான குடும்பக் காரும் அதனை முந்திவிடும். அவ்வாறாயின் மக்கள் அதில் எதனைக் கண்டு மயங்கினர்?

யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இதன் விடை விளங்குவது கடினமன்று. பாரம் ஏற்றும் வண்டியையும் சவாரி வண்டியையும் அறிந்தவர்கள் அவர்கள். இரண்டுக்கும் சில்லுகள் உண்டு. இரண்டையும் மாடுகளே இழுக்கின்றன. ஆனால் சவாரி வண்டியின் இன்பம் அதன் இலேசிலே இருக்கின்றது. கயிற்றிற் கொடுத்த சிறு அசைவு மாட்டிடம் சென்று, மாட்டின் துள்ளல் உடனே வண்டியோட்டியின் உடம்புக்குத் திரும்பி வருகின்றது. நல்ல ஸ்போட்ஸ் காரும் அத்தகையதே. இருக்கை நிலத்தை ஒட்டித் தாழ்ந்திருப்பதால், கையை நீட்டினால் வீதியைத் தொட்டுவிடலாம் போலத் தோன்றும். கூரை மடிக்கப்பட்டிருப்பதால் காற்றும், வைக்கோல் மணமும், பறவைகளின் ஒலியும் தடையின்றி வந்து சேரும். அந்நிலையில் மணிக்கு நாற்பது மைல் வேகம் எழுபது மைல் போலத் தோன்றுகின்றது. குறைந்த வேகத்திலே நிறைந்த உணர்ச்சியைத் தருவதே சிறிய காரின் பெருமை.

காரை வளைவிலே திருப்புவது ஒரு கலை. அக்கலைக்கு அடிப்படை பாரத்தின் நடமாட்டம். பிறேக்கை அழுத்தும்போது காரின் பாரம் முன்சில்லுகளின் மேற் சாய்கின்றது. முன்சில்லுகள் வீதியை இறுகப் பற்றுகின்றன. அந்தப் பிடியைக் கொண்டு காரைத் திருப்பி, வளைவின் நடுவைக் கடந்தபின் மெல்ல விசையைக் கூட்டினாற் பாரம் பின்னே செல்கின்றது. கார் நேராகி முன்னே பாய்கின்றது. 'மெதுவாய்ப் புகுந்து விரைவாய் வெளியேறு' என்பது சாரதிகளிடையே வழங்கும் முதுமொழி. பழைய கார்களிற் கியர் மாற்றுவதும் தனிக் கலையாகவே இருந்தது. கிளச்சை இருமுறை மிதித்து, இயந்திரத்தின் ஓட்டத்தையும் பற்சில்லுகளின் ஓட்டத்தையும் செவியாலே ஒப்பிட்டு இணைக்க வேண்டும். இணைந்தால் ஓசையே எழாது. தவறினால் ஊரே திரும்பிப் பார்க்கும். இவ்வாறு கண்ணும், செவியும், கைகளும், கால்களும் ஒரே செயலில் ஒன்றுபடும்போது, வாரம் முழுவதும் அலுவலகக் கோப்புகளிடையே சிதறிக் கிடந்த மனம் ஒருமைப்படுகின்றது. வாரவிறுதிப் பயணத்தின் மெய்யான இன்பம் இதுவே.

இத்தகைய கலைக்கு நேரான பெருவீதி உதவாது. வளைவு வேண்டும், ஏற்றம் வேண்டும், இறக்கம் வேண்டும். இங்கிலாந்தின் கிராமத்து வீதிகளில் இவை நிறைய உண்டு. அவ்வீதிகள் ஒரு திட்டத்தின்படி பிறந்தவையல்ல. உரோமர்கள் படை செல்வதற்கு அமைத்த வீதிகள் அம்பு போல நேரானவை. அவற்றுக்குப் பின் உண்டானவையோ, ஆடு மாடு ஓட்டுவோரும், சந்தைக்குச் செல்வோரும், கோயிலுக்குச் செல்வோரும் வயலைச் சுற்றியும் சதுப்பை விலக்கியும் நடந்து நடந்து பதித்த தடங்கள். டெவன் போன்ற பகுதிகளில் நூற்றாண்டுக் கணக்காக மழைநீரும் வண்டிச் சில்லும் அரித்து, வீதியே பள்ளத்தில் இறங்கி, இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் வேலி நிற்பதைக் காணலாம். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிற் பொதுநிலங்கள் வேலியிட்டுப் பங்கிடப்பட்டபோது நேரான வீதிகள் மீண்டும் தோன்றின. ஆனால், ஓர் ஊரார் அமைத்த வீதி அடுத்த ஊரார் அமைத்த வீதியோடு எல்லையிற் சரியாகப் பொருந்தாத இடங்களில், நேரே வந்த வீதி திடீரென்று செங்கோணமாய்த் திரும்பிற்று. இன்று சாரதி ஒருவன் எதிர்பாராத அத்திருப்பத்திலே பிறேக்கை மிதிக்கும்போது, அவன் கால் மிதிப்பது இருநூறு ஆண்டு பழமையான ஒரு நிலப் பங்கீட்டை எனலாம்.

இப்பயணம் எத்தகையது என்பதை அறிய, கொட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியை மனக்கண்முன் கொண்டுவருதல் நலம். ஞாயிறு காலை, உரோமர் காலத்துப் பொஸ் வே நெடுவீதி வழியே ஸ்ரோ-ஒன்-த-வோல்ட் நகரைக் கடந்து மோற்றன்-இன்-மார்ஷ் நோக்கி வடக்கே செல்கின்றது ஒரு சிறிய கார். வீதி நேரானது, இயந்திரம் சூடேறுவதற்கு ஏற்றது. மோற்றனில் மேற்கே திரும்பினால் போர்ட்டன்-ஒன்-த-ஹில் என்னும் சிற்றூரின் ஏற்றம். இருமருங்கும் தேன் நிறச் சுண்ணக்கல் வீடுகள். சாரதி கியரைக் குறைத்து ஓசையை அடக்கி ஏறுகின்றான். அந்த வீடுகளில் இன்னும் உறக்கம் கலையாதோர் உளர். மேட்டுநிலத்தைக் கடந்ததும் பிஷ் ஹில் என்னும் இறக்கம். வீதி வளைந்து வளைந்து இறங்க, கீழே ஈவ்ஷம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கின்றது. அடிவாரத்திற் புறோட்வே கிராமம். அங்கிருந்து தெற்கே ஸ்னோஸ்ஹில் செல்லும் ஒடுங்கிய பாதை மீண்டும் குன்றேறுகின்றது. கல்லின்மேற் கல் அடுக்கிய சாந்தில்லாத மதில்கள், ஆட்டு மந்தைகள், கோடையில் நீலம் பூத்த லவண்டர் வயல்கள். பின்னர் ஸ்ரான்வே இறக்கம். அப்பால் வின்ச்கம் என்னும் பழைய நகரம். அங்கே ஒரு கோப்பை தேநீர். எல்லாம் சேர்ந்து நாற்பது மைல் அளவேயான சுற்று. ஆயினும், அன்று மாலை அச்சாரதிக்கு ஒவ்வொரு வளைவும் நினைவில் நிற்கும். நெடுஞ்சாலையில் இருநூறு மைல் சென்றவனுக்கு ஒன்றும் நினைவிராது.

வின்ச்கம் நகருக்கு அண்மையிற் பிறெஸ்கொற் என்னும் இடம் உண்டு. 1938ஆம் ஆண்டு முதல் அங்கே காரில் மலையேறும் போட்டிகள் நடைபெறுகின்றன. ஷெல்ஸ்லி வோல்ஷ் என்னும் இடத்தில் 1905ஆம் ஆண்டிலேயே இவ்விளையாட்டுத் தொடங்கிவிட்டது. பொதுவீதியில் ஓட்டப் பந்தயம் நடத்துவதற்குச் சட்டம் இடந்தராத நாட்டிலே, வேகத்தை விரும்புவோருக்கு வேலியிட்ட தனிப்பாதை வேண்டியிருந்தது. நுவரெலியாவில் 1930களிலே தொடங்கப்பெற்ற மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியும் இதே மரபின் கிளையாகும். வேகத்துக்குரிய இடம் அது; வீதிக்குரியது வேறு. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் பலர். அவர்கள் மறந்ததன் விலையை இனிக் காண்போம்.

1930ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் கார்களுக்கு இருந்த இருபது மைல் வேக எல்லையை முற்றாக நீக்கியது. யாரும் கைக்கொள்ளாத சட்டம் இருந்தென்ன, போயென்ன என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். 1931ஆம் ஆண்டில் வீதி ஒழுங்கு நூல் ஒரு பென்னி விலைக்கு வெளியிடப்பட்டது. நல்லறிவு மக்களை நடத்தும் என்று நம்பப்பட்டது. ஆனால், 1934ஆம் ஆண்டில் மட்டும் வீதி விபத்துக்களில் மாண்டவர் தொகை 7,343. அன்று அந்நாட்டில் ஓடிய வண்டிகள் இன்றுள்ளவற்றில் ஒரு சிறு பகுதியே. இன்று நான்கு கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் உள்ள அந்நாட்டில், 2023ஆம் ஆண்டில் மாண்டவர் 1,600க்குச் சற்று மேற்பட்டோர். 1935ஆம் ஆண்டில் ஊர்மனைகளுக்கு முப்பது மைல் எல்லை வந்தது. புதிய சாரதிகளுக்குப் பரீட்சையும் கட்டாயமாயிற்று. 'பாதுகாப்பான வேகம்' என்பது எம்.ஜி. கார்களின் விளம்பர வாசகமாக விளங்கிய காலமும் அதுவே. அவ்விரு சொற்களையும் ஒன்றாய்ச் சேர்ப்பது எழுத்திலே எளிது, வீதியிலே அரிது.

திறமை மிக்கவனுக்கு ஆபத்தில்லை என்று எண்ணுவோர் மைக் ஹோதோனின் முடிவை நினைத்துப் பார்க்கவேண்டும். 1958ஆம் ஆண்டில் மோட்டார்ப் பந்தயத்தின் உலக வீரராக முடிசூடிய ஆங்கிலேயர் அவர். அப்பட்டத்தைப் பெற்றதும் பந்தயத்தை விட்டு விலகினார். மூன்று மாதங்கள் சென்றன. 1959ஆம் ஆண்டு ஜனவரி 22ஆந் தேதி, கில்போட் நகரின் புறவீதியில், மழையால் நனைந்திருந்த தரையில், அவர் ஓட்டிய ஜாகுவார் கார் தடம் தவறிற்று. அவர் அவ்விடத்திலேயே மாண்டார். வயது இருபத்தொன்பது. பந்தயக் களங்களில் யமனை ஏய்த்தவரை ஒரு சாதாரண நாளின் சாதாரண வீதி கொண்டு சென்றது. பந்தயக் களத்திலே எதிரே லொறி வருவதில்லை. வேலியோரத்தில் மரம் நிற்பதில்லை. அடுத்த வளைவில் என்ன உண்டு என்பது முன்பே தெரியும். வீதியில் அடுத்த வளைவிலே எதுவும் இருக்கலாம்.

பிரித்தானியாவின் வீதி மரணங்களிற் பாதிக்கு மேற்பட்டவை நிகழ்வது நாட்டுப்புற வீதிகளிலே என்பது கேட்போர்க்கு வியப்பைத் தரலாம். நெரிசல் மிக்க நகரமும், எழுபது மைல் வேகம் செல்லும் நெடுஞ்சாலையும் அவ்வளவு உயிரைக் கொள்வதில்லை. அமைதியாய்த் தோன்றும் கிராமப் பாதையே கொடியது. அங்கே சட்டம் அறுபது மைல் வரை இடந்தருகின்றது; ஆனால், பல இடங்களில் அறிவு முப்பதுக்கு மேல் இடந்தராது. வேகம் இருமடங்கானால் நிறுத்தும் தூரம் இருமடங்கோடு நிற்பதில்லை. வீதி ஒழுங்கு நூலின் கணக்குப்படி, முப்பது மைல் வேகத்தில் பிறேக் பிடித்த பின் கார் ஓடும் தூரம் 14 மீற்றர். அறுபது மைலில் அது 55 மீற்றர். காலும் மனமும் விழித்தெழும் நேரத்தில் ஓடும் தூரத்தையும் சேர்த்தால் 73 மீற்றர். இருபது மீற்றருக்கு அப்பால் வீதி தெரியாத வளைவில் அறுபது மைல் வேகத்திற் புகுகின்றவன், காணாத ஒன்றின்மேல் ஐம்பது மீற்றர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகின்றான்.

ஆகவே, நல்ல சாரதிகள் ஒரு விதியை நெஞ்சிலே பொறித்து வைத்திருக்கின்றனர். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே வேகம். ஒரு வண்டிக்கு மட்டுமே இடமுள்ள பாதையில், அத்தூரத்திற் பாதிக்குள் நிறுத்தவேண்டும். மறுபாதி எதிரே வருபவனுக்கு உரியது. பிரித்தானியப் பொலிஸ் சாரதிகளுக்குக் கற்பிக்கப்படும் முறையொன்று இதற்குத் துணை செய்கின்றது. வளைவிலே வீதியின் இரு கரைகளும் தூரத்தில் ஒன்று கூடுவதுபோலத் தோன்றும் புள்ளியைச் சாரதி நோக்கவேண்டும். அப்புள்ளி தன்னைவிட்டு விலகி ஓடினால் வளைவு விரிகின்றது, விசையைக் கூட்டலாம். அது நின்ற இடத்திலேயே நின்றால், அல்லது தன்னை நோக்கி நெருங்கினால், வளைவு இறுகுகின்றது, வேகத்தைத் தணிக்கவேண்டும். இதனைப் பழகியவனுக்கு ஒவ்வொரு வளைவும் ஓர் உரையாடலாகின்றது. வீதி சொல்வதைக் கேட்டு அவன் விடை பகர்கின்றான். அடக்கமும் இன்பமும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கார் பற்றுகின்ற கடைசி எல்லையைத் தேடுபவனுக்கு இன்பம் ஒரு கணம். கண்ணின் எல்லையை மதிப்பவனுக்கு அது வாழ்நாள் முழுவதும்.

அவ்வீதிகளில் உரிமையுடையோர் வேறு பலரும் உளர். உழவனின் டிராக்டர் உண்டு; மாடுகளைக் கறப்பதற்கு ஓட்டிச் செல்லும் சிறுவன் உண்டு; துவிச்சக்கர வண்டியில் வருவோர் உண்டு. குதிரைமேல் வருவோரைக் கடக்கும்போது மணிக்குப் பத்து மைலுக்கு மேற்படாமலும், இரண்டு மீற்றருக்குக் குறையாமல் விலகியும் செல்லவேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் வீதி ஒழுங்கு நூல் திருத்தப்பட்டது. புழுதி போயிற்று, ஆனால், அதற்குப் பதிலாக ஓசை வந்திருக்கின்றது. ஞாயிறு காலையில் ஐம்பது கார்கள் அணிவகுத்து ஆரவாரத்தோடு ஓர் ஊரினூடாகச் செல்லுமாயின், அவ்வூரார் செங்கொடிக் காலத்தை விரும்பி நினைப்பதிலே வியப்பில்லை. ஊர் எல்லையில் விசையைக் குறைத்து, குதிரைக்காரிக்கு வழிவிட்டு, கையுயர்த்தி நன்றி கூறிச் செல்பவனாலேதான் இவ்வின்பம் இன்னும் தடை செய்யப்படாது நிலவுகின்றது.

சிறிய காரின் கதையும் இன்ப துன்பங்கள் கலந்தது. செசில் கிம்பர் 1941ஆம் ஆண்டிலே தாம் வளர்த்த நிறுவனத்திலிருந்து விலக்கப்பட்டார். 1945ஆம் ஆண்டு பெப்ரவரியில், இலண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்துக்கு வெளியே, பின்னோக்கி மெதுவாய் வழுக்கிய புகைவண்டி ஒன்றின் விபத்தில் அவர் உயிர் நீத்தார். வேகக் கார்களை உலகுக்கு அளித்தவரின் முடிவு அவ்வாறாயிற்று. அவர் போனபின் எம்.ஜி. கார்கள் கடல் கடந்து புகழ் பெற்றன. 1958ஆம் ஆண்டில் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் குட்டிக் கார் வந்தது. முன்புறத்திலே தவளைக் கண்கள் போல் எழுந்து நின்ற விளக்குகள். வெளியே கைப்பிடி இல்லாத கதவுகள். 43 குதிரை வலு. 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் கார் ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. ஆனால், 1980ஆம் ஆண்டு அக்டோபரில் அபிங்டன் நகரிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலை மூடப்பட்டது. மழையில் ஒழுகும் கூரையோடும், அடிக்கடி பழுதுபடும் மின்னிணைப்புக்களோடும் இச்சிறிய காரின் காலம் முடிந்தது என்றே பலர் கருதினர்.

அணைய இருந்த விளக்கைத் தூண்டியவர்கள் யப்பானியர். மஸ்டா நிறுவனத்தின் தலைவராகப் பின்னர் விளங்கிய கெனிச்சி யமமோத்தோ, பிரித்தானியாவிற் செய்யப்பட்ட ட்றயம்ப் ஸ்பிற்பயர் காரொன்றை ஹக்கோனே மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தார். இத்தகைய காரை ஏன் செய்யவேண்டும் என்று கேட்டிருந்தவருக்கு அம்மலைப்பாதையே விடை கூறிற்று. 1989ஆம் ஆண்டில் மஸ்டா எம்.எக்ஸ்-5 வெளிவந்தது. குதிரையும் குதிரைவீரனும் ஒருடலாதல் என்னும் பொருள்படும் பழைய யப்பானியத் தொடரை அதன் பொறியியலாளர்கள் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டனர். 2016ஆம் ஆண்டில் அக்காரின் பத்து இலட்சமாவது வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிப்பட்டது. இங்கிலாந்தின் வளைந்த பாதைகளில் இன்று ஞாயிறு காலைகளிலே காணப்படும் சிறிய கார்களுள் அதுவும் ஒன்று. பழையது வாங்கினால், ஒரு பள்ளி ஆசிரியருக்கும் எட்டக்கூடியது.

இனி வருங்காலம் எவ்வாறிருக்கும்? 2030ஆம் ஆண்டுக்குப்பின் பெற்றோலினால் மட்டும் இயங்கும் புதிய கார்களின் விற்பனையைப் பெரும்பாலும் நிறுத்துவது என்பது பிரித்தானிய அரசாங்கத்தின் முடிவு. காற்றையும் பருவத்தையும் எண்ணிப் பார்ப்போர் அதனைக் குறை கூறார். 2024ஆம் ஆண்டில் எம்.ஜி. என்னும் பழைய பெயரோடு, சீன நிறுவனம் ஒன்றின் உடைமையாய், மின்சாரத்தில் ஓடும் இருவர் காரொன்று அங்கே விற்பனைக்கு வந்தது. அதன் பாய்ச்சல் பழைய மிட்ஜெற் காணாத பாய்ச்சல். ஆனால், மின்கலங்களின் சுமையால் அதன் எடை இரண்டு தொன்னை நெருங்குகின்றது. தவளைக்கண் ஸ்பிறைற்றைப்போல் அது மூன்று மடங்கு பாரமானது. ஓசையின்மை ஊராருக்கு நன்மை. இலேசின்மை சாரதிக்கு இழப்பு. வலுவைக் கூட்டுவது எளிதாகிவிட்டது. பாரத்தைக் குறைப்பதே இனிப் பொறியியலாளர் முன்னுள்ள பெருஞ்சோதனை. அதில் அவர்கள் வெற்றி பெற்றால், பறவைகளின் குரலை இன்னும் தெளிவாய்க் கேட்டுக்கொண்டே வளைவுகளைக் கடக்கும் காலம் வரலாம்.

எந்த இயந்திரம் வந்தாலும் வீதியின் தருமம் மாறப்போவதில்லை. பொதுவீதியில் ஒருவன் பெறும் இன்பம், அவ்வீதியில் உள்ள ஏனையோர் அவன்மேல் வைத்த நம்பிக்கையினாற் பெறப்படுவது. மதிலுக்கு அப்பால் ஒரு குழந்தை நிற்கக்கூடும் என்று எண்ணி வேகத்தைத் தணிப்பவன், தன் இன்பத்தில் ஒன்றையும் இழப்பதில்லை. அந்தக் குழந்தைக்கு முன்னாலும் நீண்டதொரு வீதி கிடக்கின்றது. வளைந்த பாதையும், இலேசான காரும், விழித்த மனமும் ஒன்று கூடும் காலைப்பொழுது மனிதனுக்குக் கிடைக்கும் சிறு செல்வங்களுள் ஒன்று. அதனைப் பிறர் கண்ணீர் படாமல் அனுபவிப்பவனே அதற்கு உரியவன்.